பனங்காடையும் ஒரு பொய்க்கிளையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள், அவசரமில்லை.

போன பொங்கலுக்கு நான் இங்கே போட்ட பனங்காடைப் படம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வேலமரக் கிளையில் நீலச் சிறகோடு உட்கார்ந்திருக்கும். பின்னால் வெறும் வானம். "டீச்சர், காலண்டர் மாதிரி இருக்கு" என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் மகள் அதைப் பெரிதாக அச்சுப் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அந்தப் பறவை நிஜம். வானம் நிஜம். கிளை பொய்.

நடந்தது இதுதான். கயத்தாறு தாண்டி, காலை 7 மணி வாக்கில், தம்பி மகன் பைக்கை நிறுத்தினான். பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. நாலு கம்பி, அதில் மேலிருந்து இரண்டாவதில். படம் நன்றாக வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கம்பி கண்ணை உறுத்தியது. இப்போதுதான் செல்போனிலேயே விரலால் தேய்த்தால் கம்பி மறைந்துவிடுகிறதே, தேய்த்தேன். பறவை அந்தரத்தில் நின்றது. அது சரியில்லை என்று, குருமலைப் பக்கம் எடுத்த வேறொரு படத்தில் இருந்து ஒரு கிளையை வெட்டி அதன் காலுக்கடியில் வைத்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமே.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவன் தனியாகச் செய்தி அனுப்பினான். மின்வாரியத்தில் வேலை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். எல்லார் முன்னாலும் கேட்காமல் தனியாகக் கேட்டானே, அந்தப் பண்பு போதும். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நீங்க எழுதியிருக்கிற இடம் நான் பாக்குற லைன். அங்கே ரெண்டு பக்கமும் பருத்திதான், மரமே கிடையாதே?" என்று கேட்டிருந்தான். அடுத்த செய்தியில், "கழுகுமலையில சாக்பீஸுக்காக என்னைய வைதீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கழுகுமலைக்குக் கூட்டிப்போயிருந்தோம். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாதியில் விட்ட வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு, சமணச் சிற்பங்களுக்குப் போனோம். ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே வட்டெழுத்தில் பொறித்திருக்கும். எழுத்து தெரியவில்லை என்று இந்தப் பயல் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அதன் மேல் எழுதப் போனான். நான் கையைப் பிடித்து, "நீ எழுதினது எது, அவன் எழுதினது எதுன்னு நாளைக்கு வர்றவனுக்கு எப்படிலே தெரியும்?" என்று கேட்டேன். முப்பது வருஷம் கழித்து அந்தக் கேள்வி எனக்கே திரும்பி வந்தது.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். பறவையைப் படம் எடுப்பது எப்போது ஆரம்பித்தது, அதை அழகாக்கும் ஆசை எப்போது வந்தது, எங்கே நிறுத்தினார்கள் என்று. அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

முதலில் நம் ஊர்ச் சங்கதி. கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களை அலங்கரித்த சாமி படங்களில் எத்தனையோ இங்கே பிறந்தவை. 1898-ல் பிறந்த சி. கொண்டைய ராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ அவருடையது. டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்கள் அவரிடம் உருவானார்கள். இவர்கள் வரைந்ததை சிவகாசியில் அச்சடித்தார்கள், அது காலண்டராகி மளிகைக்கடை வழியாக நம் வீட்டு ஆணிக்கு வந்தது. கொண்டைய ராஜு 1976-ல் காலமானார்.

அந்தக் காலண்டர்களில் பறவை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முருகனுக்குப் பின்னால் மயில், தோகை வட்டமாக, ஒரு இறகுகூடக் கலையாமல். மீனாட்சி கையில் கிளி. சரஸ்வதி பக்கத்தில் அன்னம், கழுத்தை அளந்து வளைத்தது போல. எந்த இலையும் பறவையை மறைக்காது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும். அது சாமி படம், அப்படித்தான் இருக்க வேண்டும். எந்த மயிலையும் பார்த்து அப்படியே எழுதிய படம் இல்லை என்று பார்ப்பவருக்கும் தெரியும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த பறவைப் படம் அதுதான். என் கண்ணைப் பழக்கியது அந்தக் காலண்டர்தான். கம்பியில் உட்கார்ந்த பனங்காடை எனக்கு ஏன் 'சரியில்லை' என்று பட்டது என்பது இப்போது புரிகிறது.

நம் பக்கத்து ஸ்டூடியோக்களும் அந்த மரபில் வந்தவைதான். நாடகத்துக்கு எழுதிய படுதா மாதிரியே ஸ்டூடியோவிலும் ஒரு படுதா தொங்கும், அதில் மாளிகை, படிக்கட்டு, குளம், அன்னம். நெகட்டிவில் பென்சிலால் தொட்டு முகத்துப் பருவை எடுப்பார்கள், பிரிண்டில் தூரிகையால் புள்ளி வைத்து அடைப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. தாத்தாவும் ஆச்சியும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலியில். ஆச்சி இறந்து பல வருஷம் கழித்து எடுத்த படம் அது. ஆச்சியின் முகம் வேறொரு குரூப் போட்டோவில் இருந்து வெட்டி எடுத்தது, சேலை வரைந்தது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் அதற்குத்தான் மாலை போடுகிறோம். அந்த ஒட்டுவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். தாத்தா கேட்டார், ஸ்டூடியோக்காரர் செய்துகொடுத்தார். யாரையும் அது ஏமாற்றவில்லை.

இனி வெளியூர்க் கதை. கேமரா வருவதற்கு முன்பு பறவைப் படம் என்றால் ஓவியம். அமெரிக்காவின் ஆடுபான் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட 'அமெரிக்கப் பறவைகள்' உலகப் புகழ் பெற்றது. அந்தப் பறவைகள் உயிரோடு பறப்பது போலவே இருக்கும். ஆனால் அவர் பறவையைச் சுட்டு, உடம்புக்குள் கம்பி செருகி, கட்டம் போட்ட பலகையில் வேண்டிய மாதிரி வளைத்து நிறுத்தி வரைந்தார். கொன்று எழுதியதுதான் அந்த உயிரோட்டம்!

உயிருள்ள பறவையை அதன் இடத்திலேயே படம் எடுப்பதை இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்டும் செர்ரியும், பெரிய இயக்கமாகவே செய்தார்கள். 1892-ல் முட்டையோடு ஒரு கூட்டைப் படம் எடுத்து ஆரம்பித்தார்கள். பெரிய லென்ஸ் கிடையாது, கிட்டே போயாக வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? பாடம் செய்த மாட்டின் உள்ளே ஆள் நுழைந்துகொண்டு கேமராவோடு நின்றார்கள். மாட்டைக் கண்டு பறவை பயப்படாதே! கால் மரத்துப்போய் மாட்டோடு குடைசாய்ந்த கதையும் உண்டு. அதே நாட்டின் எரிக் ஹோஸ்கிங் 1937-ல் ஆந்தைக் கூட்டருகே போனபோது ஆந்தை கண்ணில் கீறி இடது கண் போயிற்று. அதன் பிறகும் அவர் பறவைகளை விடவில்லை, தன் வாழ்க்கைக் கதைக்கு 'பறவைக்காக ஒரு கண்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

நம் நாட்டில் ரயில்வே அதிகாரியாக இருந்த லோதர் என்ற வெள்ளைக்காரர் 1949-ல் இந்தியாவில் பறவைப் படம் எடுத்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். சலீம் அலியோடு இமயமலை வரை சுற்றிய லோக் வான் தோ, சிங்கப்பூரின் சினிமா அதிபர். 1964-ல் விமான விபத்தில் இறந்தார். இவர்களெல்லாம் பெரும்பாலும் கூட்டருகே மறைப்புக் கட்டி உட்கார்ந்து எடுத்தவர்கள். அந்தக் காலத்து லென்ஸுக்கும் பிலிமுக்கும் வேறு வழியில்லை. பறவை கட்டாயம் திரும்பி வரும் இடம் கூடு ஒன்றுதான்.

அந்தக் கூட்டு வேலையில் ஒரு விஷயம் இருக்கிறது. அழகாகப் படம் வர வேண்டுமானால் கூட்டை மறைக்கும் இலையை விலக்க வேண்டும். இலை சும்மா மறைக்கவில்லை, வெயிலில் இருந்தும் எதிரியின் கண்ணில் இருந்தும் மறைக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

பணி ஓய்வுப் பணத்தில் ஜூம் கேமரா வாங்கிய முதல் வருஷம். தை மாதம், எங்கள் பருத்திப் புஞ்சையில் ஒரு கதிர்க்குருவி இரண்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சு. வாயைத் திறந்தால் உள்ளே ஆரஞ்சு நிறம். ஒரு இலை குறுக்கே நின்றது. கிள்ளவில்லை, நான் நல்லவளாயிற்றே! நூல் எடுத்து அந்த இலையை ஓரமாக இழுத்துக் கட்டினேன். பத்து நிமிஷம் படம் எடுத்தேன், இருட்டிவிட்டது. நூலை அவிழ்க்க மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் போனால் கூடு காலி. வரப்பில் ஒரு செம்போத்து நடந்து போய்க்கொண்டிருந்தது. அதுதான் தின்றது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் நூல் கட்டியபடியே இருந்தது. தாய்க்குருவி பக்கத்துச் செடியில் வாலைத் தூக்கித் தூக்கிக் கத்திக்கொண்டே இருந்தது. அந்தப் படங்களை அன்றே அழித்துவிட்டேன். இன்றுவரை வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஒரு நம் ஊர் மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். அன்றைக்குக் கோவில்பட்டியும் திருநெல்வேலி ஜில்லாதான், தூத்துக்குடி மாவட்டம் பிரிந்ததே 1986-ல்தானே. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. மாதவையா நம் பக்கத்துப் பெருங்குளத்துக்காரர். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தமிழைப் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசிய இடத்திலேயே உயிர் விட்டவர். அப்போது கிருஷ்ணனுக்கு 13 வயது.

கிருஷ்ணன் எம்.ஏ., சட்டம் எல்லாம் படித்தார், ஆனால் அதை வைத்துப் பெரிய உத்தியோகம் பார்க்கவில்லை. 1942-ல் பெல்லாரிப் பக்கம் சண்டூர் என்ற சின்ன சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே வாத்தியார் வேலையும் பார்த்திருக்கிறார் (நம்ம ஆள்!), நீதிபதி வேலையும் பார்த்திருக்கிறார். சுற்றிலும் புதர்க்காடு, மொட்டை மலை. 1949-ல் சமஸ்தானம் போனதும் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் கேமராவையும் நம்பியே மிச்சக் காலத்தை ஓட்டினார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை 46 வருஷம் எழுதினார். 1996 பிப்ரவரி 18-ல் அவர் இறந்த அன்றும் அந்தப் பத்தி வெளிவந்தது. தமிழிலும் எழுதியிருக்கிறார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகம் கிடைத்தால் உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

அவருடைய கேமரா ஒரு வேடிக்கை. உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி, மற்ற உறுப்புகளைத் தானே கோத்துக் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்த ஈ.பி. கீ என்ற இன்னொரு இயற்கையாளர், எங்கேயோ கம்பியும் கயிறும்கூடக் கட்டியிருக்கும் என்று கேலியாக எழுதியிருக்கிறார். அந்தக் கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பட்டப்பெயர். கலர் பிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். 1968-ல் நேரு பெல்லோஷிப் கிடைத்து, தீபகற்ப இந்தியாவின் பெரிய விலங்குகளை ஆய்வு செய்தார். யானை மேல் உட்கார்ந்தும் காலால் நடந்தும் போய் எடுத்த படங்கள் அவை.

அவர் படங்களை நான் பார்த்தது மிகத் தாமதமாக, 'ஐ இன் தி ஜங்கிள்' என்று 2006-ல் வந்த புத்தகத்தில். ஒரு மாணவி நூலகத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். முதல் தடவை புரட்டியபோது எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. நிறம் இல்லை. மிருகம் சின்னதாக இருக்கிறது. முன்னால் புல், குச்சி, நிழல். நாலு நாள் கழித்து மறுபடி எடுத்தேன். அப்போதுதான் விளங்கியது, அந்தப் புல்லும் குச்சியும் அங்கே தெரியாமல் இருந்துவிட்டவை அல்ல. அந்த மிருகம் எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது, எப்படி ஒளிகிறது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெளிச்சமும் வடிவமும். அவர் வரையவும் தெரிந்தவர், அதனால் எங்கே நின்றால் எது எதோடு சேரும் என்று பார்த்திருக்கிறார். அழகுபடுத்தலை எல்லாம் கேமராவுக்கு முன்னாலேயே, நிற்கும் இடத்தாலேயே செய்து முடித்துவிட்டார் என்பது என் கணிப்பு.

அவரையடுத்து பெங்களூரில் இருந்த டி.என்.ஏ. பெருமாள் (1932-2017) வேறு பாணி. பளிச்சென்ற ஒளி, இறகு இறகாகத் தெரியும் கூர்மை. உலகப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் மாஸ்டர் பட்டம் வரை வாங்கியவர். கிருஷ்ணனின் படங்களைத் தொகுத்த வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. கண்காட்சிக்கு அனுப்பும் படத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர். எனக்குக் கிருஷ்ணன் மேல்தான் ஒட்டுதல் அதிகம், ஊர்ப்பாசமாகவும் இருக்கலாம்.

நிற்கும் இடம் என்று சொன்னேன் இல்லையா, அதை நம் கரிசலை வைத்துச் சொல்கிறேன். கேமரா வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும். உழுத கரிசலில் வெள்ளைக் கொக்கு நிற்கிறது என்று வையுங்கள். கேமராவுக்குக் கரிசல் மண் என்றால் என்னவென்று தெரியாது. "ஐயோ, ரொம்ப இருட்டாக இருக்கிறதே" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் சாம்பல் நிறமாகும், கொக்கு சுண்ணாம்பு அடித்தது போல ஆகும், ஒரு இறகு தெரியாது. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வைத்தால்தான் மண் கறுப்பாக, கொக்கு இறகோடு வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதே போல, நின்றுகொண்டு எடுத்தால் பறவைக்குப் பின்னால் மண்தான் வரும். குத்தவைத்து, பறவையின் கண் உயரத்துக்கு வந்தால் பின்னால் தூரத்துப் புஞ்சையும் வானமும் வரும். மழை பெய்த மறுநாள் அப்படி உட்கார்ந்து பாருங்கள், எழுந்திருக்கும்போது பாதிக் கரிசல் உங்களோடு வரும்! முழங்கால் வலி வேறு. காலை ஆறரையில் இருந்து எட்டு வரைதான் வெளிச்சம். அதற்குப் பிறகு நம் வெயிலில் கானல் ஓடி லென்ஸே நடுங்கும். பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டும், அதன் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழக் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் கூட்டலும் கழித்தலும்தான், ஆனால் நகர்வது நாம், பறவை அல்ல.

எடுத்த பிறகு என்ன செய்யலாம்? இருட்டறைக் காலத்திலும் படத்தைத் தொடாமல் விட்டதில்லை. என்லார்ஜரில் ஓரத்தை வெட்டுவார்கள். ஒரு பகுதிக்குக் கையால் நிழல் காட்டி வெளிறச் செய்வார்கள், இன்னொன்றைக் கூடுதல் ஒளியில் கருக்குவார்கள். தூசிப் புள்ளியை அடைப்பார்கள். இவை எதுவும் நிற்காத கிளையை நிற்க வைக்கவில்லை. உலக அளவில் போட்டி நடத்தும் மூன்று பெரிய புகைப்படச் சங்கங்கள் ஒன்றுகூடி இயற்கைப் படத்துக்கு ஒரு பொது விதி வகுத்து, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஓரம் வெட்டலாம், வெளிச்சம் திருத்தலாம், கறுப்பு வெள்ளை ஆக்கலாம். படத்தில் இருந்ததை எடுக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. எடிட்டிங்கில் மட்டும் அல்ல ஏமாற்று. 2009-ல் லண்டன் இயற்கை அருங்காட்சியகப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தை, அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அடுத்த வருஷம் தள்ளிவிட்டார்கள். அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை!

என் பனங்காடை இந்த விதிப்படி இரண்டு குற்றம். இருந்த கம்பியை எடுத்தது, இல்லாத கிளையைச் சேர்த்தது. நான் போட்டிக்கு அனுப்பவில்லை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே காட்டினேன் என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்த மாணவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னது வேறு.

"பனங்காடைக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர். அது ஒரே கம்பியில உக்காருது, இன்னொண்ணத் தொடலை. மயிலுக்குத்தான் கஷ்டம். ரெக்கையை விரிச்சா ரெண்டு கம்பியையும் தொட்டுரும். டிரான்ஸ்பார்மர்ல உக்காந்தா முடிஞ்சது. வருஷத்துல ரெண்டு மூணு நானே பாக்கேன். வனத்துறைக்குச் சொல்லி, அவங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு நெனச்சேன். நீங்க கம்பியையே எடுத்துட்டீங்க."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கானமயில் என்று ஒரு பறவை, நம் நாட்டில் மொத்தமே இருநூறுக்கும் குறைவாக மிஞ்சியிருக்கிறது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் உயர் அழுத்தக் கம்பியில் மோதிச் சாகிறது. முன்பக்கம் பார்வை குறைவு, உடம்பு கனம், சட்டென்று திரும்ப முடியாது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாழிடங்களில் முடிந்த இடமெல்லாம் கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டார்கள். வழக்கு யார் பக்கம் நியாயம் என்பது பெரிய விவாதம், சூரிய மின்சாரமும் நாட்டுக்கு வேண்டும்தான். எனக்குப் பட்டது ஒன்றே ஒன்று: கம்பிக்குக் கீழே செத்துக் கிடந்த பறவையை யாரோ கம்பியோடு சேர்த்துப் படம் எடுத்ததால்தான் அந்தப் பேச்சே நாடு முழுவதும் போனது. என்னைப் போன்ற ஒருத்தி அழகு கருதிக் கம்பியைத் தேய்த்திருந்தால்?

நம் கரிசலே மாறிக்கொண்டிருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கம்பும் சோளமும் கதிர் பிடிக்கும் காலத்தில் சூறைக்குருவிக் கூட்டம் மேகம் மாதிரி வந்து இறங்கும். தகர டப்பாவைத் தட்டி விரட்டுவதுதான் எங்கள் வேலை. இப்போது எங்கும் மக்காச்சோளம். கயத்தாற்றுப் பக்கம் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது முதலில் காற்றாடிகள் இல்லை, பிறகு நாலைந்து, இப்போது எண்ண முடியாது. குளிர்காலத்தில் வடக்கே இருந்து வரும் பூனைப்பருந்து அந்தக் காற்றாடிகளுக்கு இடையில்தான் தாழப் பறந்து வேட்டையாடுகிறது. இதை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை என்றால், இருந்ததா இல்லையா என்று ஐம்பது வருஷம் கழித்து யாருக்குத் தெரியும்? இடைசெவல் கி.ரா. நம் பேச்சைச் சொல்லகராதியாகத் தொகுத்தபோது கொச்சையைத் திருத்திவிட்டா போட்டார்? பேசியபடியே போட்டார்.

ஆச்சி படத்தை என்ன செய்வது என்றும் யோசித்தேன். அதைச் சுவரிலேயே விட்டுவிட்டேன். பின்பக்கம் மட்டும் பென்சிலால் எழுதி வைத்தேன்: "ஆச்சியின் முகம் ஒட்டியது." பேரன் பேத்திகளுக்குத் தெரிய வேண்டும்.

நாத்தனார் மகளுக்கும் சொல்லிவிட்டேன். "அத்தை, எனக்கு இந்தப் படமே போதும், கம்பியெல்லாம் எதுக்கு" என்றாள். அவள் வீடு, அவள் சுவர். உண்மைப் படத்தையும் அனுப்பியிருக்கிறேன், விருப்பமிருந்தால் மாற்றிக்கொள்ளட்டும்.

கீழே இரண்டு படம் போட்டிருக்கிறேன். முதலாவது அதே பனங்காடை, எடுத்தபடியே. ஓரம் மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன், வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டியிருக்கிறேன், வேறொன்றும் தொடவில்லை. கம்பி நாலும் இருக்கிறது, இடது ஓரத்தில் ஒரு காற்றாடியின் இறக்கையும் தெரியும். இரண்டாவது படம் போன வாரம் அந்த மாணவன் கூட்டிப்போய்க் காட்டிய டிரான்ஸ்பார்மர். அதன் பக்கத்தில் வேலியில் ஒரு மயில் உட்கார்ந்திருக்கிறது. உயிரோடுதான் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் கண்மாய், புஞ்சை, களம் பின்னால் தெரிகிற படம் ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். ஆள் முகம் மங்கியிருந்தாலும் பரவாயில்லை. பின்னால் ஏதாவது பறவை இருக்கிறதா என்று பார்க்கத்தான். எந்த ஊர், எந்த வருஷம் என்று மறக்காமல் எழுதுங்கள்.